ஓங்கிய கையும் விழுந்த அடியும்

“மேல படலையே, அப்புறம் என்ன?” இந்தக் கேள்வியைக் கேட்காத பஞ்சாயத்து கிடையாது. வீட்டுச் சண்டையில் கேட்பார்கள், வாடகைத் தகராறில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்திலும் கேட்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் சமாதானம் செய்து வைக்க வந்தவர்கள்தான். அடி விழுந்தால் அடிதடி, ரத்தம் வந்தால் வழக்கு, மற்றதெல்லாம் வாய்ச்சண்டை என்ற கணக்கு நம் எல்லோருக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு என்ற உறுத்தல் எனக்கு எப்போதுமே உண்டு. ஏன் தப்பு என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியாமல் இருந்தது. நான் வக்கீல் இல்லை. அலுவலகத்தில் நடந்த ஒரு சம்பவத்தில் சாட்சி சொல்லப் போய், அதன் முடிவு மனசில் ஆறாமல் கிடந்ததால்தான் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

சம்பவம் சின்னதுதான். வாராந்தர மீட்டிங். என் பக்கத்து நாற்காலியில் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவளான ஒரு சக ஊழியை. ஒரு கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று கேட்டாள், பதில் வராததால் இன்னொரு தடவை கேட்டாள். மேஜையின் அந்தக் கோடியில் இருந்த மேலதிகாரி சட்டென்று எழுந்து, முன்னால் இருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கியபடி மேஜையைச் சுற்றி வந்தார். “இன்னொரு வார்த்தை பேசினே...” என்று ஆரம்பித்ததை முடிக்கவில்லை. மூடி சரியாகத் திருகாத பாட்டில், தண்ணீர் அவருடைய சட்டைக்கையிலேயே வழிந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், அது சுவரில் இடித்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை. கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவ்வளவுதான். பாட்டில் மேஜைக்குப் போனது, மீட்டிங் கலைந்தது.

அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள், விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். விசாரித்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து நின்றது ஒரே இடத்தில்: “பாட்டில் அவங்க மேல பட்டுச்சா?” படவில்லை. அவளிடம் இன்னொன்றும் கேட்டார்கள்: “பயந்துட்டீங்களா?” அவள் நேர்மையானவள். “பயம்னு இல்ல சார், அடிக்கப் போறார்னு தெரிஞ்சது, கோபம்தான் வந்துச்சு” என்றாள். அந்தப் பதிலும் அவளுக்கு எதிராகவே போனது. உடல் தொடர்பு ஏதும் இல்லை, புகார்தாரர் அச்சமடைந்ததாகவும் கூறவில்லை, ஆகவே இது வாக்குவாதம் என்று எழுதி முடித்தார்கள். மேலதிகாரிக்கு, நிதானமாகப் பேசும்படி வாய்மொழியாக ஓர் அறிவுரை.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் இறங்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்: “அக்கா, அது என் மேல பட்டிருந்தா நம்பியிருப்பாங்க, இல்ல?”

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பெண், தன் மண்டையில் அடி பட்டிருக்கக் கூடாதா என்று நினைக்கும்படி ஒரு விசாரணை நடந்திருக்கிறது. தடுத்த இரண்டு பேர் அவளுக்கு நல்லது செய்தார்களா, இல்லை அவளுடைய ஒரே ஆதாரத்தைக் கெடுத்தார்களா? இப்படி ஒரு கேள்வி எழுகிறதென்றால், அளக்கிற கோலிலேயே ஏதோ கோளாறு. படிக்கட்டில் கேட்ட அந்தக் கேள்விதான் என்னை நாள்கணக்கில் புத்தகமும் கையுமாக உட்கார வைத்தது.

1348-இல் ஒரு கோடாரி

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்டத்தில், இதை இரண்டு தனித்தனிக் குற்றங்களாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அடி இதோ விழப்போகிறது என்று எதிரில் இருப்பவரை எதிர்பார்க்க வைப்பது அசால்ட். சட்டப்படியான காரணமில்லாமல் அவர் உடம்பைத் தொடுவது பேட்டரி. “அசால்ட் அண்ட் பேட்டரி” என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, முதலாவது ஏதோ இரண்டாவதற்கு முன்னோட்டம் போல ஆகிவிட்டது. அப்படி இல்லை. ஒன்று இல்லாமலே மற்றது நடக்கலாம். ஓங்கிய கை விழாமல் போனால் அசால்ட் மட்டும். தூங்குகிறவரைத் தொட்டாலோ, பின்னாலிருந்து தெரியாமல் அடித்தாலோ பேட்டரி மட்டும். அவர்தான் எதையும் எதிர்பார்க்கவே இல்லையே.

முதலாவதற்கு ஆதாரமாகச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு 1348-ஐச் சேர்ந்தது. ராத்திரி நேரம், ஒருவன் ஒயின் வாங்க மதுக்கடைக்கு வருகிறான். கதவு சாத்தியிருக்கிறது. கையிலிருந்த கோடாரியால் கதவைக் கொத்துகிறான். கடைக்காரரின் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நிறுத்து என்கிறாள். அவன் அவளைக் கோடாரியால் கொத்தப் பார்க்கிறான், அவள் மேல் படவில்லை. விசாரித்த உள்ளூர்க்காரர்கள், தீங்கு ஏதும் நேரவில்லை, ஆகவே குற்றமில்லை என்றார்கள். எங்கள் அலுவலக விசாரணையின் அதே வாதம்! நீதிபதி தார்ப் அதை ஏற்கவில்லை. அவன் அவள்மேல் பாய்ந்திருக்கிறான், வேறு எந்தச் சேதமும் இல்லாவிட்டாலும் அதுவே தீங்குதான், நஷ்டஈடு உண்டு என்று தீர்த்தார். அந்தக் காலப் பணக் கணக்கில் அரை மார்க் கொடுக்கச் சொன்னார்கள்.

இதைப் படித்ததும் எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ தளர்ந்தது. கோடாரி குறி தவறியது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை அவனுடைய கணக்கில் வரவு வைக்க முடியாது என்பதுதான் இந்தத் தீர்ப்பின் உயிர். அன்று அவள் ஜன்னலில் நின்ற அந்தக் கணத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அடுத்துப் படித்தது இன்னும் நெருக்கமாக வந்து நின்றது. 1830, ஸ்டீபன்ஸ் எதிர் மையர்ஸ். ஒரு திருச்சபைக் கூட்டம், வாதி தலைவர் நாற்காலியில். பிரதிவாதிக்கும் அவருக்கும் நடுவில் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரதிவாதி கூச்சல் போட, அவரை வெளியேற்றலாம் என்று கூட்டம் முடிவெடுக்கிறது. நான் வெளியே போவதற்குப் பதில் தலைவரை நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டு, முஷ்டியை இறுக்கியபடி அவர் முன்னேறுகிறார். தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தடுத்துவிடுகிறார். தடுக்கப்பட்ட இடத்திலிருந்து கை நீட்டினாலும் எட்டாது, அப்புறம் எப்படி அசால்ட் என்பதுதான் பிரதிவாதி தரப்பு வாதம். நீதிபதி டிண்டல், மிரட்டல் எல்லாமே அசால்ட் ஆகிவிடாது, அதை நிறைவேற்றும் வழியும் கையில் இருக்க வேண்டும் என்றார். ஆனால் தடுக்காவிட்டால் அடுத்த கணமே போய் அடித்திருப்பார் என்னும்படி முன்னேறிக்கொண்டிருந்தார் என்றால், எட்டாத தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தாலும் அசால்ட்தான் என்று ஜூரிக்கு விளக்கினார். ஜூரி வாதி பக்கம் தீர்த்தது. நஷ்டஈடு ஒரு ஷில்லிங்.

ஒரே ஒரு ஷில்லிங். அந்தத் தொகையை நான் கேவலமாக நினைக்கவில்லை. உனக்கு நடந்தது நடந்ததுதான் என்று ஒரு பதிவு. எங்கள் அலுவலகத்தில் அவள் கேட்டதும் பணமில்லை, அந்தப் பதிவைத்தான். நடுவில் வந்து தடுத்தவர்கள் அவளுடைய வழக்கைக் கெடுக்கவில்லை என்பதையும் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் அவளிடம் சொன்னேன்.

பயந்தீர்களா என்பது தவறான கேள்வி

விசாரணையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பயப்பட்டாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அடி வரப்போகிறது என்று ஒருவர் நியாயமாக எதிர்பார்த்தால் போதும். நெஞ்சுரம் உள்ளவரும், எதிராளியைவிடப் பலசாலியும், கோபத்தில் சிவந்தவரும் அசால்ட்டுக்கு ஆளாகலாம். இல்லையென்றால் கோழைகளுக்கு மட்டும்தான் சட்டத்தின் பாதுகாப்பு என்று ஆகிவிடும். “அடிக்கப் போறார்னு தெரிஞ்சது” என்று அவள் சொன்னாளே, அந்த மூன்று வார்த்தைக்குள் சட்டம் கேட்கிற எல்லாமே இருந்தது. எழுதிக்கொண்டவர்கள் அதை விட்டுவிட்டு அடுத்த பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்பார்ப்புதான் முக்கியம் என்பதால், ஓங்கியவரின் கையில் உண்மையில் என்ன இருந்தது என்பதுகூட இரண்டாம்பட்சம். லாக்டன் என்ற 1976-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கில், மேஜை டிராயரில் இருந்த துப்பாக்கியைக் காட்டி, குண்டு போட்டிருக்கிறது என்று ஒருவர் மிரட்டினார். அது வெறும் மாதிரித் துப்பாக்கி. பார்த்தவருக்கு அது தெரியாது. அசால்ட் உறுதியானது. நான் உண்மையாக அடித்திருக்கவே மாட்டேன் என்று பின்னால் சொல்லுகிற சமாதானத்துக்கு இதனால்தான் பெரிய மதிப்பில்லை. எங்கள் மேலதிகாரியும் அதையேதான் சொன்னார். அவர் மனசுக்குள் இருந்தது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். சுவரில் முட்டிக்கொண்டு நின்றவளுக்குத் தெரிந்தது பாட்டில்தான்.

வார்த்தைகள் எங்கே வருகின்றன என்பது நான் நெடுநேரம் தங்கிய இடம். 1669-இல் டூபர்வில் எதிர் சாவேஜ். ஒருவர் வாளின் பிடியில் கை வைத்து, இது நீதிமன்ற அமர்வு நடக்கும் காலமாக இல்லாமல் இருந்தால் உன்னிடம் இப்படிப் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன் என்றார். நீதிபதிகள் ஊரில் இருக்கிறார்கள், ஆகவே இப்போது ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அசால்ட் இல்லை என்று தீர்ப்பு. கையின் அர்த்தத்தை வாய் ரத்து செய்துவிட்டது. இதைப் படித்தவுடன், “இன்னொரு வார்த்தை பேசினே...” என்பதும் இப்படி ஒரு நிபந்தனைதானே, பேசாமல் இருந்தால் அடி இல்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் யோசித்தால் வித்தியாசம் தெரிகிறது. முதல் ஆள், அடிக்க மாட்டேன் என்பதற்கான காரணத்தைச் சொல்கிறார். இரண்டாமவர், அடிக்காமல் இருக்க ஒரு விலை கேட்கிறார். மீட்டிங்கில் கேள்வி கேட்பது அவளுடைய வேலை. அதை விட்டுக்கொடுத்தால்தான் உன் தலை தப்பும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட நிபந்தனை அசால்ட்டை அழிக்காது.

நம் சட்டப் புத்தகத்தில்

இதெல்லாம் சீமைக் கதை, இங்கே என்ன என்று கேட்கலாம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் பேட்டரி என்று தனியாக ஒன்றை வைக்கவில்லை. படிப்படியாக ஏறுகிற மாதிரி அமைத்தது: அடிக்கப்போவதாகச் சைகை அல்லது ஆயத்தம் செய்வது பிரிவு 351, குற்ற நோக்கத்தோடு பலத்தைப் பிரயோகிப்பது 350, வலியோ நோயோ உண்டாக்கும் காயம் 319. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. வாசகம் பெரும்பாலும் அதேதான், எண்கள்தான் மாறின. கை ஓங்குவது இப்போது 130, பலப்பிரயோகம் 129, காயம் 114. புதிய சட்டத்தில் 351 என்பது குற்ற மிரட்டல். பழைய எண்ணைப் போட்டுப் புகார் எழுதினால் வேறு குற்றத்தைச் சொன்னதாக ஆகிவிடும், கவனம்.

கை ஓங்குவது பற்றிய அந்த 130-ஆவது பிரிவின் உதாரணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒருவர் இன்னொருவரை நோக்கி முஷ்டியை ஆட்டுகிறார், இதோ அடிக்கப்போகிறார் என்று அவர் நம்பக்கூடும் என்று தெரிந்தே. குற்றம். கடிக்கிற நாயின் வாய்க்கட்டை ஒருவர் அவிழ்க்க ஆரம்பிக்கிறார், நாய் இன்னும் பாயவில்லை. அதுவும் குற்றம். ஒருவர் தடியைக் கையில் எடுத்து, உன்னை அடிக்கப்போகிறேன் என்கிறார். வெறும் வார்த்தை குற்றமாகாது, தடியை எடுத்தது மட்டும் ஒருவேளை போதாது. ஆனால் அந்தச் சொல் அந்தச் செய்கைக்கு அர்த்தம் கொடுக்கிறது, இரண்டும் சேரும்போது குற்றமாகலாம். அன்றைய மீட்டிங்குக்காகவே எழுதி வைத்த மாதிரி இல்லையா? தடிக்குப் பதில் பாட்டில்.

இங்கே ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுச் சட்டமும் பிரிகின்றன. வெறும் வார்த்தை போதாது என்பதை நம் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1997-இல் அயர்லாந்து என்பவர்மேல் வந்த வழக்கில், மூன்று பெண்களுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்து ஒன்றுமே பேசாமல் இருந்தவரின் மௌனம்கூட அசால்ட் ஆகலாம் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. போனை எடுத்த பெண்ணுக்கு, இவன் இப்போதே வாசலில் வந்து நிற்கப்போகிறானோ என்ற எதிர்பார்ப்பு வந்தால் போதும். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. நம்மிடம் அதற்குக் குற்ற மிரட்டல், பின்தொடர்தல் என்று வேறு பிரிவுகள் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் என் மனசு அந்தத் தீர்ப்பின் பக்கம்தான்.

தண்டனை என்று பார்த்தால் பெரிதில்லை. கை ஓங்கியதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் மேல்வரம்பு முன்பு 500 ரூபாய், இப்போது 1,000. எதிராளியே கடுமையாகவும் திடீரென்றும் ஆத்திரமூட்டினார் என்று காட்டினால் சிறை ஒரு மாதமாகக் குறையும். அப்போதும் குறைகிறதே தவிர, குற்றமே இல்லை என்று ஆவதில்லை. அதோடு, போலீஸ் நேரடியாக விசாரணையைத் தொடங்க முடியாத வகைக் குற்றம் இது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஸ்டேஷனில் “கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்புகிறார்களே, அதன் பின்னணி இதுதான். குற்றமே நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

வலியில்லாத தொடுதல்

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஓங்கிய கையை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது போலவே, வலிக்காத தொடுதலையும் சேர்ப்பதில்லை. 1967-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஃபிஷர் என்பவரின் வழக்கைத் தீர்த்தது. அவர் நாசாவில் பணிபுரிந்த கறுப்பினக் கணிதவியலாளர். ஒரு கருத்தரங்கின் மதிய உணவு வரிசையில் நிற்கும்போது, ஹோட்டல் ஊழியர் ஒருவர் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, கறுப்பருக்கு இங்கே பரிமாற முடியாது என்று கத்தினார். விரல்கூட அவர் மேல் படவில்லை. அடிவிழும் என்று அவர் அஞ்சவும் இல்லை. ஆனாலும் பேட்டரி என்றது நீதிமன்றம். கையில் பிடித்திருக்கும் தட்டு, உடுத்தியிருக்கும் துணியைப் போல உடம்போடு சேர்ந்தது. காயத்துக்கு அல்ல, அவமானத்துக்கே ஈடு உண்டு. 400 டாலர் நஷ்டஈடும் தண்டனைத் தொகையாக 500 டாலரும் நிலைத்தன.

நம் 129-ஆவது பிரிவும் வலியை எதிர்பார்க்கவில்லை. சம்மதமில்லாமல் பலம் பிரயோகித்து, அதனால் தீங்கோ பயமோ எரிச்சலோ உண்டாகும் என்று தெரிந்திருந்தால் போதும். எரிச்சல் என்ற அந்த ஒரு சொல்லைச் சட்டத்தில் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் பஸ்ஸில் இடித்தவர் மேலெல்லாம் கேஸ் போடுவீர்களா என்று உடனே ஒருவர் கேட்பார். சட்டம் அந்தக் கேள்வியை எப்போதோ கேட்டு முடித்துவிட்டது. கோபத்தோடு லேசாகத் தொட்டாலும் பேட்டரி, குறுகலான வழியில் இருவர் வன்மமின்றி உரசிக்கொண்டால் இல்லை என்று தலைமை நீதிபதி ஹோல்ட் 1704-லேயே சொன்னார். சாதாரண மனிதர் புகார் செய்யாத அற்பத் தீங்கைக் குற்றத்திலிருந்து விலக்கும் பிரிவு நம் சட்டத்திலும் உண்டு. அதே சமயம், 1984-இல் தீர்ப்பான ஓர் இங்கிலாந்து வழக்கில் ஒரு பெண் போலீஸ், கைது செய்யும் எண்ணம் இல்லாமல், பேசாமல் நடந்துபோன பெண்ணைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அது வரம்பு மீறிய பேட்டரி என்றார்கள். அந்தப் பிடியை உதறும்போது போலீஸைக் கீறிய பெண்ணின் தண்டனை ரத்தானது. தோளைத் தட்டிக் கூப்பிடலாம், பிடித்து நிறுத்த முடியாது. சீருடைக்காரருக்கும் அதே கோடுதான்.

அவள் மேல்முறையீடு செய்தாள். எழுதும்போது நான் உடன் உட்கார்ந்தேன். முதல் புகாரில் “என்னை மிகவும் தரக்குறைவாக நடத்தினார், மன உளைச்சல்” என்றெல்லாம் ஒரு பக்கம் இருந்தது. எல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றால் எதையும் நிரூபிக்க முடியாது. இந்த முறை எழுதியது வேறு: பாட்டில் எந்தக் கையில் இருந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, எத்தனை நாற்காலி தள்ளியிருந்தவர் எதுவரை வந்தார், என்ன வார்த்தை சொன்னார், அவர் நின்றது தானாகவா, பிறர் பிடித்ததாலா, பிடித்தவர்கள் யார், தன் நாற்காலி ஏன் அதற்கு மேல் நகரவில்லை. அடிக்கப்போகிறார் என்று தான் நம்பியதாகவும், ஏன் நம்பியதாகவும் இரண்டு வரி. பயம் என்ற சொல்லை அவள் போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை. யாருக்காவது இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே, இந்த விவரங்களோடு எழுதி வையுங்கள். நாளாக ஆக, சாட்சிகளின் நினைவில் முதலில் குறைவது தூரம்தான். ஆறு நாற்காலி என்பது பத்தாகும், ஓங்கினார் என்பது கையை ஆட்டினார் என்றாகும்.

மேல்முறையீட்டுக் குழு கேள்விகளை மாற்றிக் கேட்டது. தடுத்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்துவிடுவார் என்று நினைத்தோம் என்று இருவரும் சொன்னார்கள். பழைய முடிவை நீக்கி, தாக்க முனைந்தது நடந்ததாகப் பதிவு செய்து, எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். போதாது என்பது என் எண்ணம். குறைந்தபட்சம் அவளை அவருக்குக் கீழிருந்து மாற்றாமல், அவரை அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றியிருக்க வேண்டும். அதற்கான மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.